பாலவனத்தத்திலிருந்து ஒரு பழைய கார் பயணம்: இதெல்லாம் தெரியுமா?

கடல் கண்ணுக்கெட்டாத ஊர். மழை பெய்தால்தான் கண்மாயில் தண்ணீர். அந்த ஊர் ஜமீன்தார் ஒரு கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தார், தெரியுமா?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் ரோட்டில் வருகிற பாலவனத்தம்தான் அந்த ஊர். ஜமீன்தார், பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவரும் இவரே! பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் பத்து லட்சம். வ.உ.சி.க்கு அந்தக் கம்பெனியில் துணைச் செயலாளர் பொறுப்புதான். இன்னொன்று கேளுங்கள்: கம்பெனி பதிவானது அக்டோபர் 16ஆம் தேதி. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் அதே அக்டோபர் 16!

சரி, கப்பலுக்கும் காருக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? பாண்டித்துரையார் காலமானது 1911 டிசம்பரில். அதே 1911இல், இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கிற மதுரையில், ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் பஸ் விடத் தொடங்கினார். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். ஆமாம், டி.வி.எஸ்.தான்! ஜமீன்தாரின் கப்பல் காலம் முடிகிற வருஷமும் மதுரையின் மோட்டார் காலம் தொடங்குகிற வருஷமும் ஒன்று.

பழைய கார்களைப் பார்க்க வேண்டும், அதோடு நல்ல ரோட்டில் வண்டியும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஊட்டி, அடுத்து உதய்ப்பூர், பணம் இருந்தால் ஜெர்மனி என்று பட்டியல் போடுவார்கள். கிழக்கே தனுஷ்கோடி, மேற்கே கோயமுத்தூர் என்று பாலவனத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வண்டி எதனால் ஓடியது, ஓடுகிறது, இனி ஓடப்போகிறது என்ற சரித்திரம் முழுக்க இந்தக் கரிசல் ரோட்டிலேயே கிடக்கிறது. கரி, பெட்ரோல், வெயில், மூன்றுமே!

கரியில் ஓடிய பஸ்ஸை உங்கள் தாத்தா பார்த்திருப்பார், தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸெல்லாம் ஷெட்டில் முடங்க வேண்டியதுதான் என்ற நிலை. மதுரைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்று ஒன்றைச் செய்து வண்டியில் பொருத்தினார்கள். வீட்டு வெந்நீர் பாய்லர் போல ஓர் இரும்பு உருளை. மேலே அடுப்புக்கரியைக் கொட்ட வேண்டும். அடியில் நெருப்பு வைத்து, கையால் காற்றாடியைச் சுற்றி ஊத வேண்டும். காற்றை அளவாக, வேண்டுமென்றே குறைவாக விடுவதுதான் சூட்சுமம். தாராளமாக விட்டால் கரி முழுசாக எரிந்து சாம்பலாகிவிடும், எஞ்சினுக்கு ஒன்றும் மிஞ்சாது. குறைவாக விட்டால் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்ற எரிவாயு வரும். அதைக் குளிர வைத்து, தூசி தட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி புறப்படும்! வேகம் எடுக்காது. மேடு கண்டால் முனகும். புறப்படுவதற்கு வெகு முன்பே ஆள் வந்து நெருப்பு மூட்டியாக வேண்டும். வாயு விஷம் வேறு. இருந்தும் ஓடியது. ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் விறகிலும் கரியிலும் ஓடின.

இதைப் படித்துவிட்டு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கம் வண்டியை விடுங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். காட்டுக்குள்ளிருந்து மெல்லிய புகை எழும்பினால் அது கரிமூட்டம். வெட்டிய கட்டையைக் குவித்து, மேலே மண் பூசி, சின்னச் சின்ன ஓட்டை மட்டும் விட்டு, நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அங்கேயும் அதே சூட்சுமம்தான்: காற்றைக் குறை! கேஸ் பிளாண்டுக்குள் நடந்த வேதியியலின் முதல் பாதி இன்றும் இந்தக் காட்டில் நடக்கிறது. இறங்கி நின்று பார்த்தால் மூட்டம் போடுகிறவர் எந்த ஓட்டையை எப்போது அடைக்க வேண்டும் என்பதைப் புகையின் நிறத்தை வைத்தே சொல்வார். எந்தக் கார் மியூசியத்திலும் இந்தப் பாடம் கிடைக்காது.

சரி, பெட்ரோலுக்கு வருவோம். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்தைச் செய்தது ஒரு பெண், அதுவும் கணவருக்குத் தெரியாமல், தெரியுமா? 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மாள் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய அருப்புக்கோட்டையிலிருந்து ராமநாதபுரம் போகிற தூரம். அப்போது பெட்ரோல் பங்க் ஏது? வழியில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராய்ன் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்துபோன பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்தார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும் கணவரிடம், மலை ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றார். உலகின் முதல் டெஸ்ட் டிரைவ் ரிப்போர்ட் அதுதான்!

பெர்த்தா அம்மாளின் தொப்பி ஊசிக்குக் கொஞ்சமும் குறையாத வைத்தியம் நம்ம ஊரில் உண்டு. சித்திரை வெயிலில் பழைய அம்பாசடரோ பியட்டோ பந்தல்குடி தாண்டுவதற்குள் பட்டென்று நின்றுவிடும். செல்ஃப் எடுக்கும், எஞ்சின் பிடிக்காது. டாங்கில் பெட்ரோல் இருக்கும், கார்புரேட்டருக்கு வராது. புதிய ஆள் பேட்டரியைச் சந்தேகப்படுவார். பழைய டிரைவர் பானெட்டைத் திறந்து, கையை வைத்துப் பார்த்து, “அண்ணாச்சி, ஏ.சி. பம்பு சூடாயிருச்சு. குடிக்கிற தண்ணியில கொஞ்சம் குடுங்க” என்பார். தோளில் கிடக்கிற துண்டை நனைத்து, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். துண்டு காய்வதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

மந்திரமா? இல்லை! எஞ்சின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. அந்தப் பம்பு திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. ஈரத் துணியின் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கிற ஆவி மறுபடி திரவமாகிறது. மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கிற அதே விதி. இன்றைய கார்களில் பம்பு பெட்ரோல் டாங்குக்குள்ளேயே முங்கிக் கிடப்பதால் துண்டுக்கு வேலை இல்லை. பழைய வண்டியில் இந்தச் சீமைக்கு வருகிறவர் ஒரு துண்டும் இரண்டு கேன் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரோட்டைப் பிடிப்போம். பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து திருச்சுழி. குண்டாற்றங்கரை. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. 1879 டிசம்பர் 30இல் ரமண மகரிஷி பிறந்த வீடு. பயணம் திட்டமிடுகிறவர்கள் அவர் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1896இல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிய அந்தப் பையன், வழி பார்த்தது ஒரு பழைய அட்லஸில்! அதில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை, பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்றிருந்தது. விழுப்புரத்திலிருந்து புதுப் பாதை போட்டாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, வழியில் விஷயம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் ரயிலில், கொஞ்ச தூரம் நடந்து, கடைசியில் மறுபடி ரயிலில் போய்ச் சேர்ந்தார். மேப்பை அப்டேட் செய்யாமல் கிளம்பாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி யார்? ஆனால் அவர் திரும்பி வரவே இல்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள்!

திருச்சுழியிலிருந்து கமுதி. இங்கேதான் மூன்றாவது எரிபொருள். 2016இல் கமுதி அருகே திறக்கப்பட்ட சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். பரப்பு 2,500 ஏக்கர். சுமார் 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று திறந்த நேரத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. எந்த வெயிலைச் சபித்து இந்த ஊர்க்காரர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்களோ, அந்த வெயில்தான் சரக்கு. கரிமூட்டப் புகையையும் நீலத் தகட்டுக் கடலையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கிற ரோடு இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். மின்சாரக் கார் ஏதோ நேற்றுப் பிறந்தது என்றும் நினைக்காதீர்கள். 1900 வாக்கில் அமெரிக்கத் தெருக்களில் பெட்ரோல் கார்களைவிட நீராவிக் கார்களும் மின்சாரக் கார்களும்தான் அதிகம் ஓடின.

கமுதிக்குத் தெற்கே முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள். இரண்டும் உண்மையில் கண்மாய்கள்தான். 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறி உலகப் புகழ் பெற்ற கண்மாய்கள்! மழைக்காலம் முடிந்து போனால் நாரையும் கூழைக்கடாவும் கருவேல மரத்தில் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும். பழைய காரின் ஹாரனை இங்கே மட்டும் தொடாதீர்கள்.

அப்படியே சாயல்குடி. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம் என்று உப்புக் காற்று கண்ணாடியில் படியப் படிய ஓட்டலாம். பனை, குடைவேல், திடீரென்று ஒரு நீலக் கோடு. வளைவு குறைவு, மேடு குறைவு, லாரியும் குறைவு. அறுபது வயதுக் காருக்கு இதைவிட மரியாதையான ரோடு கிடையாது.

பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988இல், தெரியுமா? அதுவரை காரில் ராமேஸ்வரம் போகிறேன் என்றால் மண்டபத்தோடு சரி. 1914இல் ரயில் கடல் தாண்டிவிட்டது, கார் தாண்ட இன்னும் 74 வருஷம்! இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் தூக்குப்பாலம் தெரியும். இதே பாம்பனில் 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கியபோது, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. நம்ம பாண்டித்துரையாரின் நெருங்கிய உறவினர். ராஜசக்தியில் ஓடிய வண்டி!

தனுஷ்கோடி இன்னும் ஆச்சரியம். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது. அதற்குப் பிறகு மணலில் வேன்கள் தத்தித் தத்திப் போய் வந்தன. அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தது 2017இல்தான். இரண்டு பக்கமும் கடல், நடுவே நீங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய காரின் தகரத்துக்கு உப்புக்காற்று எமன். ராமேஸ்வரம் திரும்பியதும் நல்ல தண்ணீரில், முக்கியமாக அடிப்பாகத்தை, கழுவிவிட்டுத்தான் நீங்கள் குளிக்கப் போக வேண்டும்.

இப்போது இரண்டு கார்கள். அருப்புக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, மற்றவர்களுக்காக: 1977இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சர் ஆனது அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வாக! அவருடைய டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர் இன்றும் சென்னை தி.நகரில் அவர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. காமராஜர் பிறந்தது விருதுநகர், 1957இலும் 1962இலும் ஜெயித்தது சாத்தூரில். அவருடைய செவர்லேயின் எண் எம்.டி.டி. 2727. அதுவும் சென்னையில்தான் இருக்கிறது. ஆக, பாலவனத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முதலமைச்சர், அந்தப் பக்கம் ஒரு முதலமைச்சர், இருவர் காரும் பட்டணத்தில்! என்னைக் கேட்டால், அழகில் என் ஓட்டு செவர்லேக்குத்தான். அந்தக் கால அமெரிக்கக் கார்களின் தோள்பட்டை வளைவு அம்பாசடருக்கு வராது. இரண்டையும் ஒரு முறையாவது லாரியில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் காட்சிக்கு வைத்தால் என்ன? திருவிழாக் கூட்டம் கூடும்.

அம்பாசடரும் லேசுப்பட்டதல்ல. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் இங்கே அம்பாசடரானது. இங்கிலாந்துக்காரன் அந்த மாடலை 1950களிலேயே கைவிட்டான், நாம் 2014 வரை செய்துகொண்டிருந்தோம்! ராயல் என்ஃபீல்டு கதையும் அதேதான். 1955இல் சென்னையில் கம்பெனி தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் 1970 வாக்கில் மூடிவிட்டது, பிள்ளை இன்றும் உலகம் முழுக்க வண்டி விற்கிறது. சென்னை வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதற்கு இரண்டே கதவு. நம்ம குடும்பத்துக்கு இரண்டு கதவு போதுமா? நான்கு கதவு வைத்து இங்கேயே மாற்றிவிட்டார்கள். அசோக் லேலண்டு லாரி கம்பெனி முதலில் செய்தது ஆஸ்டின் கார், தெரியுமா? ‘அசோக்’ சக்கரவர்த்தி இல்லை, நிறுவனரின் மகன் பெயர்!

சென்னையின் எம்.சி.1 என்ற எண்ணுள்ள முதல் காரின் சொந்தக்காரர் துறைமுகக் கழகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் கணித மேதை ராமானுஜன். எம்.சி.3 வைத்திருந்தவர் சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் நம்பெருமாள் செட்டியார். 1920இல் ராமானுஜன் உயிர் பிரிந்தது அவருக்குச் சொந்தமான சேத்துப்பட்டு வீட்டில். எண்களுக்காகவே வாழ்ந்த மனிதரைச் சுற்றி ஊரின் முதல் கார் எண்கள்! சென்னைக்குப் போகிறவர்கள் வடபழனியில் 2023இல் திறந்த ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியத்தையும் பாருங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய கார்கள், சினிமா கேமராக்களோடு.

ஆனால் பாலவனத்தத்திலிருந்து ஒரே ஒரு பெரிய பயணம்தான் முடியும் என்றால் சென்னைக்குப் போகாதீர்கள், கோயமுத்தூருக்குப் போங்கள். மதுரை, திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக. அவசரப்பட்டு வேறு நாலுவழிச் சாலையைப் பிடித்துவிடாதீர்கள். பழனியிலிருந்து மேற்கே போகும்போது இடது கைப்பக்கம் கொடைக்கானல் மலைகள் கூடவே வரும். அது முடிகிறதே என்று ஏங்குவதற்குள் ஆனைமலை தொடங்கிவிடும். உடுமலைப் பக்கம் காற்றாலைகள். கரிசல் கண்ணுக்கு அவ்வளவு பச்சை திகட்டும்.

இந்தப் பாதையைத்தான் ஏன் சொல்கிறேன்? 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தானே ஓட்டிய ஒருவர், பிற்பாடு தமிழ்நாட்டின் பெரிய பஸ் கம்பெனிகளில் ஒன்றான யு.எம்.எஸ்.ஸை உருவாக்கினார். ஜி.டி. நாயுடு! கலங்கல் கிராமத்துப் பையன். ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்து அசந்துபோய், கோயமுத்தூரில் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்து, அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கி ஓட்டினாரா? பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்து, மாட்டி, தானே கற்றுக்கொண்டார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அது தெருவுக்கு வரவில்லை. நம்ம நாட்டு மோட்டார் சரித்திரத்திலேயே எனக்கு ஆறாத ஆதங்கம் இது ஒன்றுதான்.

அவர் குடும்பத்தார் அவிநாசி ரோட்டில் நடத்தும் ஜீடி கார் மியூசியம்தான் இந்தப் பயணத்தின் உச்சம். பெர்த்தா அம்மாள் ஓட்டிக் கிளம்பினாரே, அந்த பென்ஸ் மூன்றுசக்கர வண்டியின் மாதிரி இங்கே இருக்கிறது. பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டீயரிங் இல்லை, ஒரு கைப்பிடி. மூன்றே சக்கரம். இதில்தான் ஓர் அம்மாள் பிள்ளைகளோடு நூறு கிலோமீட்டர் போனார்! ஃபோர்டு மாடல் டி.யும் உண்டு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற கார். அதில் ஒரு வேடிக்கை தெரியுமா? பெட்ரோல் பம்பு கிடையாது, சரிவில் வழிந்துதான் எஞ்சினுக்கு வரும். செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் வராது. அதனால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள்! வோக்ஸ்வாகன் பீட்டில் கார்களுக்கென்று ஒரு பகுதி, ரோல்ஸ் ராய்ஸ், கிழக்கு ஜெர்மனியில் கொஞ்சமே செய்த மெல்கஸ் ஸ்போர்ட்ஸ் கார் என்று நாள் போவதே தெரியாது. கோயமுத்தூர்க்காரர்கள் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டு எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அந்த ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் ஜி.டி. நாயுடு பெயர்தான்.

கோயமுத்தூரிலேயே செட்டிபாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தடம். நம்ம கரிமூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பந்தயக் கார் வடிவமைத்த கரிவர்தன் பெயர் அது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர், நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள்!

திரும்பும் வழியில் சிவகாசி. காருக்கும் சிவகாசிக்கும் என்ன? ‘மேட்ச்பாக்ஸ்’ பொம்மைக் கார்கள் தெரியுமல்லவா? 1950களில் லண்டனில் ஒரு பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று சட்டம். அப்பா தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் பெயர். தீப்பெட்டித் தலைநகரில் ஒரு பொம்மைக் கார் மியூசியம் ஏன் இல்லை என்று அங்கே இருக்கிற முதலாளிமார் யோசிக்கலாம்.

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி, வால்பாறையில் நாற்பது, மேகமலையில் பதினெட்டு என்று ஆசை காட்டுவார்கள். புதுக் காருக்குச் சரி. டிரம் பிரேக் வைத்த பழைய காருக்கு இறக்கம்தான் ஆபத்து. பிரேக் சூடேறிப் பிடிமானம் விட்டுவிடும். கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். என் தீர்ப்பு: பழைய காருக்கு மலை வேண்டாம், கரிசல் போதும்.

எப்போது போகலாம்? மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தை. சோளமும் பருத்தியும் நிற்கும். வெயில் உறைக்காது. ஏ.சி. பம்புக்கும் நிம்மதி. விருதுநகர் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய் எல்லாம் வட்டத்துக்குள்ளேயே வருகின்றன. பெல்ட், பிளக், பாயிண்ட் செட், கார்புரேட்டர் கேஸ்கெட், நல்ல ஜாக்கி ஆகியவற்றை டிக்கியில் போடுங்கள். அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் பழைய கை மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். உறுப்பு கிடைக்காவிட்டால் கடைந்தே கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு சங்கதி, இதுதான் பலருக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து ‘வி.ஏ.’ வரும். அந்தப் பதிவில் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம். ஆகவே உங்கள் ஊர்ப் பழைய வீட்டுத் தொழுவத்தில் சாக்குப் போட்டு மூடிய வண்டி ஏதாவது நின்றால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேஸிஸ் எண்ணைத் துடைத்துப் படித்து எழுதி வையுங்கள். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.